எங்கள் உதவாக்கரை நாய்

எங்கள் நாய்க்கு நான் முடிவெட்டியிருக்கக் கூடாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் நான் மட்டுமே காரணமில்லை என்று கொஞ்சம் வாதாடலாம். ஆனால் முடிவெட்டியது நான்தான்.

முப்பத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் தொழில். துறைமுகத்துக்குப் போகும் சாலையில், சிவப்பும் நீலமும் சுழலும் கம்பத்துக்குக் கீழே, இவாமி என்ற என் பெயரிலேயே என் கடை. திங்கட்கிழமை விடுமுறை. செப்டம்பர் பிறந்தும் வெயில் தணியாத ஒரு திங்கட்கிழமை, ஓகரா நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைத் தரையில் கிடந்தது. ஓகரா என்றால் தோஃபுவுக்குப் பால் பிழிந்த பிறகு மிஞ்சும் சோயாச் சக்கை. அதே வெள்ளை, அதே பொதபொதப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மீன்சந்தைக்குப் பின்புறம் ஒரு முள்ளங்கிப் பெட்டிக்குள் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து, அந்தப் பெயரை வைத்தவள் என் மனைவி மிட்சுயோ.

எனக்குக் கை சும்மா இருந்தது. கழுத்துப்பட்டையைக் கழற்றி நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினேன். மாநகராட்சி கொடுத்த எண் வில்லை அந்தப் பட்டையில்தான் இருந்தது. "பின்பக்கம் எப்படிங்க, குட்டையாவா?" என்று கேட்டேன், வாய்ப்பழக்கம். ஓகரா ஆட்சேபிக்கவில்லை. அரைமணி நேரத்தில் அது பள்ளிக்கூட பேஸ்பால் அணியில் சேர மொட்டையடித்துக்கொண்ட பையன் மாதிரி ஆகிவிட்டது. உடம்பில் ஒட்டியிருந்த முடியை ஊதித் தள்ளலாம் என்று உலர்த்தியைப் போட்டேன். அந்தச் சத்தம் அதற்கு ஆகாது என்று மிட்சுயோ பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காற்றுக்காகக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

மீனை அரைத்து மீன்கேக் செய்யும் ஆலையில் வேலை முடிந்து வந்த மிட்சுயோ, தரையில் கிடந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஓகரா."

"மீதி எங்க?"

திறந்திருந்த கதவைக் காட்டினேன். இரண்டு நாள் தெருத்தெருவாகத் தேடினோம். புதன்கிழமை மாநகர விலங்கு அன்பு மையத்தில் விசாரித்தபோது, கழுத்துப்பட்டை இல்லாத, முடி இல்லாத, இனம் தெரியாத ஒரு நாய் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வர்ணனையில் என் கைவண்ணம் தெரிந்தது.

அன்பு மையம், குப்பை எரிக்கும் ஆலையையும் தாண்டிப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது. வாசலில் ஆளுயர அட்டைப் பொம்மை ஒன்று. மையத்தின் சின்னமான பூஜ்யக்குட்டி. வளையம்போல் உருண்டையான நாய். வயிற்றில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த மலை தெரிந்தது. கீழே, "எங்கள் மையத்தில் கொல்லப்படும் விலங்குகள்: பூஜ்யம். வெற்றிகரமான மூன்றாம் ஆண்டு" என்று எழுதியிருந்தது. நல்ல இடத்தில்தான் நம் நாய் மாட்டியிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

முகப்பில் இருந்த பெண் நேமோட்டோ. இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை தலை வணங்குகிறவள். நான் நீட்டிய புகைப்படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"படத்துல இருக்கிறது நாய்ங்க," என்றாள்.

"ஆமாங்க."

"உள்ள இருக்கிறதும் நாய்தாங்க. ஆனா ரெண்டும் ஒரே நாய்தானான்னு சொல்றது…" பல்லிடுக்கில் காற்றை மெல்ல உறிஞ்சினாள். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தத்தின் பொருள் தெரியும்: முடியாது. "கொஞ்சம் கஷ்டங்க."

ஆனால் என் குரல் உள்ளே கேட்டுவிட்டது. பின்னால் ஏதோ ஒரு கூண்டில் தகர வட்டில் உருண்டது. பிறகு எனக்குத் தெரிந்த குரைப்பு. நேமோட்டோ என்னை உள்ளே அழைத்துப் போனாள். ஓகரா கம்பிக்குள்ளிருந்து மூக்கை நீட்டி, தன்னை இந்த நிலைக்கு ஆளாக்கியவனின் விரலை நக்கியது. நாய்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்கிறார்கள். அப்படியானால் அது மன்னிக்கவும் தெரிந்த பிராணிதான்.

"உங்க நாய்தான் போலிருக்கு," என்று நேமோட்டோ சிரித்தாள். "ரொம்ப நல்ல நாய்ங்க. புத்திசாலி. வந்ததிலேர்ந்து யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லை."

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. நான் ஒழுங்காக வளர்க்கப்பட்டவன். நம்முடைய ஒன்றை ஒருவர் புகழ்ந்தால், "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. என் கடையைப் புகழ்ந்தால் இருட்டுப் பொந்து என்பேன். மிட்சுயோ சமைத்ததைப் புகழ்ந்தால் வாயில் வைக்க விளங்காது என்பேன். நாய்க்கு மட்டும் எப்படி விலக்குத் தர முடியும்?

"சேச்சே, அதெல்லாம் இல்லைங்க," என்று குனிந்தேன். "புத்தியில்லை. எல்லாரையும் கடிக்கும். உங்களுக்குத்தான் பெரிய தொல்லை குடுத்திருக்கும். மன்னிக்கணும்."

நேமோட்டோவின் சிரிப்பு அப்படியே நின்றது. முகப்புக்குத் திரும்பியதும் ஒரு படிவத்தை எடுத்தாள்.

"உரிமையாளர் தானா முன்வந்து சொல்றதை எழுதிக்கணும்னு விதிங்க. இப்போ சொன்னதை அப்படியே எழுதிக்கலாங்களா?"

"தாராளமா," என்றேன். மறுப்பது மரியாதையில்லையே.

'புத்தியில்லை. எல்லாரையும் கடிக்கும்.' அழகான கையெழுத்து. கீழே, எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரையை நான் வைத்தேன். பக்கத்தில் நேமோட்டோ தன்னுடையதை வைத்தாள். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடப்பக்கத்துக் கட்டம் இயக்குநருடையது. மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் கீழதிகாரியின் முத்திரை தலைகுனிந்து நிற்க வேண்டும். அலுவலகத்தில் வேலை பார்க்கிற என் வாடிக்கையாளர்கள் இந்தக் கோணத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

"அப்போ கூட்டிட்டுப் போகலாங்களா?"

"அதுக்கு முன்னால குணப் பரிசோதனை இருக்குங்க. எல்லாரையும் கடிக்கிற நாயை ஊருக்குள்ள விட முடியாது இல்லைங்களா."

"அது கடிக்காதுங்க."

நேமோட்டோ படிவத்தை என் பக்கம் திருப்பி, என் முத்திரையைச் சுண்டுவிரலால் மெதுவாகத் தொட்டுக் காட்டினாள்.

வீட்டில் மிட்சுயோ, நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"கடிக்கும்னு சொன்னீங்களா?"

"ஒரு மரியாதைக்கு."

"பதினோரு வருஷத்துல அது கடிச்சது ஒரே ஒரு செருப்பு."

"அது எனக்கும் தெரியும். அந்தப் பொண்ணுக்கும் தெரியும். ஆனா எழுதிட்டா."

"நம்ம கல்யாணத்துல எங்கப்பா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஒண்ணுந்தெரியாத பொண்ணு, எதுக்கும் லாயக்கில்லை, பொறுத்துக்கணும்'னாரே. அதை எழுதி முத்திரை வாங்கிக்கிட்டீங்களா?"

வாங்கியிருக்கலாம் என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன். அவள் ஓகராவின் துண்டைத் துவைத்து, காயவைத்து, நான்காக மடித்து, அது படுக்கிற இடத்திலேயே வைத்திருந்தாள். அதைத் தாண்டித்தான் நான் சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டியிருந்தது.

"போய் ஒரே ஒரு வாட்டி நேராப் பேசிட்டு வாங்க," என்றாள். "செத்துட மாட்டீங்க."

வெள்ளிக்கிழமை குணப் பரிசோதனை. குழுவில் மூன்று பேர். நேமோட்டோ, இயக்குநர் கன்சாக்கி, கால்நடை மருத்துவர் ஹயாமி. ஹயாமிக்கு நாற்பது வயசு இருக்கும். ரப்பர் பூட்ஸ், கட்டைவிரலில் பிளாஸ்திரி. யாரையும் பார்க்காமல் நாயை மட்டும் பார்த்தார். கன்சாக்கி ஐயாவைப் பற்றிச் சொல்வதென்றால், இடது காதுக்கு மேலிருந்து புறப்படும் பத்துப் பன்னிரண்டு முடிகள் உச்சியைக் கடந்து வலது காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு தொழில்காரனாக அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை மதித்தேன்.

பரிசோதனைக் கருவி என்பது ஒரு கம்பு. அதன் நுனியில் துணிக்கடைப் பொம்மையின் கை. நாய் சாப்பிடும்போது அந்தக் கையால் வட்டிலை இழுப்பார்கள். நாய் என்ன செய்கிறது என்று மூன்று பேரும் குறித்துக்கொள்வார்கள்.

வட்டிலை வைத்தார்கள். ஓகரா சாப்பிட ஆரம்பித்தது. இடப்பக்கப் பல்லைத் தவிர்த்து வலப்பக்கமாக மென்றது. கை வந்து வட்டிலை இழுத்தது. ஓகரா நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தது. விரல் இடுக்கை நக்கியது. பிறகு, தன்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும், மிட்சுயோ சொல்லிக்கொடுத்த ஒரே வித்தையைச் செய்தது. முன்னங்காலைத் தூக்கி பிளாஸ்டிக் உள்ளங்கையில் வைத்தது.

அந்தக் கையும் காலும் அப்படியே இருந்தன.

"பிளாஸ்டிக் கைக்கும் மனுஷன் கைக்கும் வித்தியாசம் தெரியலை," என்றார் கன்சாக்கி. நேமோட்டோ எழுதினாள்.

"கடிக்கலையேங்க ஐயா," என்றேன்.

"அதைத்தான் நாங்களும் கவலையோட கவனிக்கிறோம், இவாமி-சான். உரிமையாளரே கடிக்கும்னு சொன்ன நாய், பரிசோதனையில கடிக்கலைன்னா என்ன அர்த்தம்? மறைக்குது. மறைக்கிற நாய், வெளிப்படையாக் கடிக்கிற நாயைவிட ஆபத்துல ஒருபடி மேல."

"அப்போ கடிச்சிருந்தா?"

"கடிக்கும்னு உறுதியாகியிருக்கும்."

அடுத்தது உடல்நிலை. 'உடம்பு முழுக்க முடி உதிர்வு. காரணம் தெரியாத தோல்நோய்' என்று நேமோட்டோ படித்தாள்.

"அது நோய் இல்லைங்க. நான்தான். நான் முடிதிருத்துறவன்."

கன்சாக்கி முதலில் ஓகராவின் முதுகை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது… கடையில செஞ்சதுங்களா?" என்று மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

ஹயாமி இதற்கெல்லாம் வாயே திறக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஓகராவின் வாயைப் பிளந்து, இடப்பக்கக் கடைவாயை விரலால் தடவிப் பார்த்தார். ஓகரா முனகியது. அவர் எதையோ தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கன்சாக்கி நீட்டிய தாளில், 'முதல் வகை: மறுவாழ்வுக்குப் பொருந்தாதது' என்ற வரிக்கு எதிரே தன் முத்திரையை வைத்தார். சாய்வாகத்தான்.

"முதல் வகைன்னா நல்லதுங்களா?" என்று கேட்டேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படித்தான்.

"வகைங்கிறது வரிசை இல்லைங்க," என்றாள் நேமோட்டோ, மேசையைப் பார்த்தபடி.

"இனிமே என்ன ஆகும்?"

"அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருப்புக் காலம்," என்றார் கன்சாக்கி. "அதுக்கு மேல, முன்னோக்கிய மனசோட பரிசீலிக்கிறோம்."

அந்த வாக்கியத்தின் பொருளை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதிரி ஆறுதல் பொய்யை நானே நாளுக்கு நாலுமுறை விற்கிறவன். "உச்சியில இன்னும் கொஞ்சம் இருக்கு இல்லைங்களா?" என்று கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு முகம் கேட்கும். "நல்லாவே இருக்குங்க, இப்படிச் சீவினா தெரியாது" என்பேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருத்தருடைய வழுக்கையைப் பற்றியும் நான் உண்மை சொன்னதில்லை. இந்த மையத்தைக் கோபிக்க எனக்கு ஏது யோக்கியதை?

திங்கட்கிழமை மறுபடி போனேன். சொன்னதைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். "தாராளமா," என்றாள் நேமோட்டோ, முகம்கூட மலர்ந்தது. தப்பான வரிக்கு மேல் இரண்டு கோடு கிழிக்க வேண்டும். கோட்டின் மேல் முத்திரை. மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் எத்தனை எழுத்து எடுத்தோம், எத்தனை எழுத்து சேர்த்தோம் என்று குறிக்க வேண்டும். 'புத்தியில்லை. எல்லாரையும் கடிக்கும்.' மூன்று தடவை எண்ணினேன். அதற்குப் பதில், 'நல்ல நாய்.' ஓரத்தில் எழுதினேன்: பதினேழு எழுத்து நீக்கம், ஐந்து எழுத்து சேர்ப்பு.

"அருமைங்க," என்றாள். "இப்போ காரணத்துல ஒரு வட்டம் போட்டுட்டா முடிஞ்சுது."

திருத்தத்துக்கான காரணங்கள் மூன்று அச்சடித்திருந்தன. எழுத்துப் பிழை. முகவரி மாற்றம். உரிமையாளர் மரணம்.

"பணிவுன்னு எழுதிக்கலாங்களா?"

காற்றை உறிஞ்சினாள். "பணிவு பட்டியல்ல இல்லைங்க."

"எழுத்துப் பிழைன்னு போட்டா?"

"பதினேழு எழுத்துமே பிழையா வர்றது… கொஞ்சம் கஷ்டங்க."

"மரணம்?"

"அதுக்கு உங்க முத்திரையை வேற யாராவதுதான் வைக்கணும்," என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காரணம் இல்லாத திருத்தத்துக்கு ஒரு வழி இருக்குங்க. இயக்குநர் முன்னாடி, அந்தப் புது வாக்கியத்தை வாயால உறுதியாச் சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. கன்சாக்கியின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து, என் தலை எவ்வளவு குனிந்ததோ அதைவிட இரண்டு விரற்கடை அதிகம் குனிந்தார்.

"இந்த உதவாக்கரை அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. வெறும் டீ, நல்லாவே இருக்காது."

"ஐயோ, என்னை மாதிரி ஒண்ணுமில்லாதவனுக்கு இதுவே அதிகம்."

"நாங்க செய்யறது என்ன பெரிய வேலை. தப்பும் தவறுமா ஏதோ ஓட்டறோம்."

"அந்தத் தப்பெல்லாம் எங்க நாயாலதாங்க."

இப்படியே அரைமணி நேரம் நாங்கள் இருவரும் யார் கேவலமானவர் என்று போட்டி போட்டோம். கடைசியில் அவர் வாசகத்தைச் சொல்லும்படி கையைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். சுவரில் பூஜ்யக்குட்டி சிரித்தது. அறிமுகமில்லாத ஒருவர் முன்னால், அவர் தந்த டீயைக் குடித்துவிட்டு, என்னுடைய நாயை நானே நல்லது என்று எப்படிச் சொல்வது?

"நல்லதுன்னு சொல்ற அளவுக்கெல்லாம் இல்லைங்க," என்று என் நாக்கு சொல்லிவிட்டது.

"அப்படிங்களா," என்றார் கன்சாக்கி. அந்தத் தாளை மூடிவைத்தார்.

இதை மிட்சுயோவிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. பரிசீலிக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் ஓகராவின் துண்டை எடுத்து, மறுபடி துவைக்கப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டி, 'உரிமையாளரின் சொந்த மடத்தனம் காரணமாக இன்று விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டேன். மையத்தில் ஏதோ விசேஷம். முற்றத்தில் எழுபது மடக்கு நாற்காலிகள், கறுப்பு உடையில் ஆட்கள், தோளில் ஒலிபெருக்கி மாட்டிய ஒரு பிக்கு. மரத்தடியில் ஆளுயரக் கல். 'விலங்குகளின் ஆன்மாக்களுக்கு' என்று செதுக்கியிருந்தது. முன்னால் வெள்ளைச் சாமந்தியும் மூடி திறக்காத நாய் உணவு டப்பாக்களும். விலங்குகளுக்கான வருடாந்திர அஞ்சலி என்றார்கள். பக்கத்திலேயே உயிருள்ள பூஜ்யக்குட்டி ஒன்று நின்று எல்லாருக்கும் கையசைத்தது. அட்டைப் பொம்மைக்கு இருந்த ஓட்டை இதற்கு இல்லை. உள்ளே ஆள் இருக்க வேண்டுமே.

கன்சாக்கி பேசினார்.

"இந்த மையத்தில் கொல்லப்பட்ட விலங்குகள் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகப் பூஜ்யம். எப்படிச் சாதித்தீர்கள் என்று மற்ற ஊர்களிலிருந்து கேட்கிறார்கள். முதல் காரணம் அன்பு. இரண்டாவது காரணம் வரையறை. முன்பெல்லாம் நாமும் கொன்றோம். எது கொலை என்று தெளிவாக எழுதி வைக்காததுதான் காரணம். இன்று, மறுவாழ்வுக்குப் பொருந்துகிற ஒரு விலங்கைக்கூட நாம் கொல்வதில்லை. பொருந்தாதவற்றுக்கு விடைகொடுக்கிறோம். விடைபெற்றவை கொல்லப்பட்டவை ஆகா. ஆகவே அவை எண்ணிக்கையில் வருவதில்லை. ஒரு விலங்கு எண்ணப்படாமல் போவதைவிடப் பெரிய விடுதலை வேறென்ன இருக்கிறது?"

கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிறுத்தினேன். பிறகு வரிசையாகப் போய், சிட்டிகை சாம்பிராணித் தூளை நெற்றியளவு உயர்த்தி, கங்கில் போட்டுக் கும்பிட்டோம். என் முறை வந்தபோது கன்சாக்கி பக்கத்தில் நின்றிருந்தார்.

"மூணு வருஷமா பூஜ்யம்னா, இது யாருக்குங்க ஐயா?" என்று கேட்டேன். கேலி இல்லை, யாரை நினைத்துக் கும்பிடுவது என்று உண்மையிலேயே தெரியவில்லை.

அவர் கல்லைப் பார்த்தார். "பொதுவா," என்றார்.

நாற்காலிக்குத் திரும்பும் வழியில் பூஜ்யக்குட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கியது. விடவில்லை. அதன் வாய்க்குள்ளிருந்த கறுப்பு வலை வழியாக ஒரு குரல் வந்தது.

"இவாமி-சான். சின்னம் பேசக் கூடாதுங்க. நான் பேசலை."

நேமோட்டோவின் குரல். உள்ளே மூச்சு இரைத்தது.

"இன்னிக்கு விடைகொடுக்கிறது மூணு. ரெண்டு மணிக்கு மேல வந்தீங்கன்னா, உங்க நாயைப் பார்க்கிறது… கொஞ்சம் கஷ்டமா இருக்குங்க." அந்தப் பெரிய உருண்டைத் தலைக்குள் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அது அழுகையாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. பூஜ்யக்குட்டி என் கையை விட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு அடுத்தவரிடம் போனது.

முற்றத்துக் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

"பொதுமக்களில் யாராவது ஒரு வார்த்தை பேச விரும்பினால்," என்று கன்சாக்கி ஒலிபெருக்கியில் சொன்னார். இது எல்லா விழாவிலும் சொல்வது. யாரும் பேசாமல் இருப்பதற்காக ஐந்து நொடி விடுவார்கள். பிறகு விழா முடியும். நான்காவது நொடியில் என் கால்கள் எழுந்துவிட்டன. ஒலிபெருக்கி கைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"என் பேர் இவாமி. முடிவெட்டுறவன். என் நாய்…" நான்காக மடித்த துண்டு ஞாபகம் வந்தது. "நல்ல நாய்."

எழுபது பேரும் எனக்காக வெட்கப்பட்டுத் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக அடைத்து வைத்த குழாய் அது. திறந்தபின் மூட வரவில்லை.

"ரொம்ப நல்ல நாய். அழகும்கூட. முடி இருந்தப்போ இன்னும் அழகு, நான்தான் கெடுத்தேன். யாரையும் கடிச்சதில்லை. ஒரு செருப்பைக் கடிச்சது, அதுவும் என்னுது, மட்டமான செருப்பு. கடிக்கும்னு நான் சொன்னது பொய். மரியாதைக்குச் சொன்ன பொய். என் பொண்டாட்டி நல்லா சமைப்பா. இருபத்தேழு வருஷமா மட்டம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன், அதுவும் பொய். என் கடையில வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம்…" பக்கத்தில் கன்சாக்கி ஒலிபெருக்கிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கண் என் பேச்சைக் கேட்காமல் அவருடைய உச்சிக்குப் போனது. "ஐயா, அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் இழுத்துச் சீவியிருக்கீங்களே. அது மறைக்கலைங்க. எல்லாருக்கும் தெரியுது."

பிக்கு மணியை ஒருமுறை அடித்தார். விழாவில் அந்த இடத்தில் மணி கிடையாது. அவருக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும்.

கன்சாக்கி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். இன்னொரு கை ஒருகணம் தலைக்குப் போய்த் திரும்பியது. "உணர்ச்சிகரமான உரை. உங்கள் கருத்தை முன்னோக்கிய மனதோடு பரிசீலிக்கிறோம்," என்றார். கைதட்டினார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால், கட்டடச் சுவரோரமாக ஹயாமி நின்றிருந்தார். கறுப்பு உடை இல்லை. அதே ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டுப் பின்வாசல் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

உள்ளே நீண்ட நடை. இரண்டு பக்கமும் கூண்டுகள். கடைசி மூன்று கூண்டுகளில் மட்டும் சிவப்புச் சீட்டு தொங்கியது. ஒன்றில் மூன்று கால் கறுப்பு நாய். என்னைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டியது. அடுத்ததில் ஒரு கிழ நாய், எழுந்திருக்கவில்லை. மூன்றாவதில் ஓகரா. ஹயாமி கதவைத் திறந்து, கயிற்றை என் கையில் கொடுத்தார். பிறகு சிவப்புச் சீட்டோடு இருந்த தாளை எடுத்துச் சுவரில் அழுத்தி, 'முதல் வகை' என்பதன் மேல் இரண்டு கோடு கிழித்தார்.

"இயக்குநர் முன்னால வாய்மொழி உறுதி ஆச்சு. எழுபது சாட்சி," என்றார். அந்தக் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்டேன்.

காரணத்தில், 'எழுத்துப் பிழை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். முத்திரையை வைத்தார். அது எந்தப் பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நின்றது.

பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நாலு நாளைக்குக் கஞ்சி மாதிரி சாப்பாடு குடுங்க. இடப்பக்கக் கடைவாய்ப் பல் உள்ள சீழ் வெச்சிருந்தது. பிடுங்கிட்டேன்."

"எப்போங்க?"

"சனிக்கிழமை."

வெள்ளிக்கிழமையே அவர் முதல் வகைக்கு முத்திரை வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும். நடுவில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, மயக்க ஊசி போட்டு, அந்த நாயின் பல்வலியைத் தீர்த்திருக்கிறார். ஓகரா அவருடைய பூட்ஸை முகர்ந்து, முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. அவர் அதை வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

முற்றத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது. நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் வாய்க்குத் தாழ்ப்பாள் இல்லை.

"டாக்டர். அந்தப் பூஜ்யத்துல எத்தனைங்க?"

காற்றை உறிஞ்சப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் உறிஞ்சவில்லை. மூன்று கால் கறுப்பு நாய் இன்னும் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நூத்திப் பதினாறு. ரெண்டு மணிக்கு மேல நூத்திப் பதினெட்டு. எல்லாம் நான்தான்."